குளிகாரரின் மூச்சுக் கணக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் ஒரு முழுக்கில் நீருக்கடியில் இருந்த நேரம் பெரும்பாலும் 50 முதல் 80 விநாடி. ஒன்றரை நிமிடத்தை எட்டியவர் பெரிய குளிகாரர். முத்துக்குளிப்பைப் பற்றி ஊரில் உலவும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு சிறியதாகவே தோன்றும். 14ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் குளிப்பைப் பற்றி எழுதிய இபின் பதூதா, சிலர் ஒரு மணி நேரமும் இரண்டு மணி நேரமும் உள்ளே இருப்பதாகக் குறிப்பிட்டார். ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இலங்கையைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில், 1797ஆம் ஆண்டுக் குளிப்புக்கு அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் அடியில் இருந்தார் என்று எழுதியிருக்கிறார். படகில் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விநாடிகள் நீளும். கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்தபோது அந்த நிமிடங்கள் சுருங்கி ஒன்று, ஒன்றேகால் என்று நின்றன.

இந்த ஒரு நிமிடத்தை உடலின் எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தொழில் தனக்கு வைத்துக்கொண்ட அளவு. விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை ஒரு குளிகாரர் 40, 50 முறை இறங்கி ஏறுவார். மறுநாளும் இறங்க வேண்டும். பருவம் முடியும் வரை இறங்க வேண்டும். இரண்டு நிமிடம் தம் கட்டக் கூடியவரும் ஒரு நிமிடம் கழிந்ததும் கயிற்றைச் சுண்டிவிடுவது இதனால்தான். ஒரு முழுக்கில் கூடுதலாகப் பிடிக்கும் அரை நிமிடத்தை, அடுத்த முழுக்குக்கு முன்பு மேலே பல நிமிடங்கள் மூச்சு வாங்கித்தான் ஈடுகட்ட முடியும். அந்த வணிகத்தில் நட்டமே மிச்சம்.

முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் தளத்துக்குப் ‘பார்’ என்று பெயர். மன்னார் வளைகுடாவின் பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் கிடக்கின்றன. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமே ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. சிப்பி பாரில் ஒட்டிக்கொண்டு கூட்டமாகக் கிடப்பது; இறங்கிய இடத்திலேயே அள்ளலாம். சங்கு அப்படியல்ல. அது மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழ்வது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாதி புதைந்து கிடக்கும். சங்கு குளிப்பவர் தேடிக்கொண்டே நகர வேண்டும். நகரும் கால்கள் ஆக்சிஜனைத் தின்னும். அதே நுரையீரல், அதே ஆழம் என்றாலும் சங்குக்குப் போகிறவரின் நேரம் சிப்பிக்குப் போகிறவரின் நேரத்தைவிடக் குறைவது இயல்பு.

நேரத்தை மிச்சப்படுத்தும் முதல் கருவி கல். நுரையீரல் நிறையக் காற்றுடன் இருக்கும் உடல் மேல்மட்ட நீரில் மிதக்கவே பார்க்கும். அதைக் கையாலும் காலாலும் துடுப்புப் போட்டு எட்டு பாகம் கீழே கொண்டுபோனால், பிடித்த மூச்சில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். கயிற்றில் கட்டிய 15, 20 கிலோ எடையுள்ள கல்லின் மேல் காலை ஊன்றிக்கொண்டால் உடல் எந்த வேலையும் செய்யாமல் சில விநாடிகளில் தரையைத் தொடும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை உடனே இழுத்துக்கொள்வார். கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிய வலைப்பைக்கு வேறொரு கயிறு. ஏறும்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். படகில் இருப்பவர் கை மாற்றி மாற்றி இழுப்பார். இறங்குவதற்குக் கல்லின் எடை, ஏறுவதற்கு இன்னொருவரின் தோள்வலி. குளிகாரரின் சொந்த மூச்சு அடியில் செய்யும் வேலைக்கு மட்டும். ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர்கள் இருப்பார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். இந்த ஏற்பாட்டிலேயே ஓய்வும் கட்டாயமாகிவிட்டது. ஆள் மாறாமல் யாரும் இறங்க முடியாது என்பதால் ஆசைப்பட்டு அடுத்தடுத்து முழுகும் ஆபத்து தானாகவே விலகியது. கடற்கரைக்காரர்கள் கண்டுபிடித்த எத்தனையோ நல்ல ஏற்பாடுகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

கயிறு பிடிப்பவரை வெறும் கூலியாள் என்று எண்ணக் கூடாது. குளிகாரரின் மனைவியுடன் பிறந்தவனிடம்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும், தங்கை தாலியறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்று தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. எல்லாப் படகிலும் அப்படி நடந்ததோ இல்லையோ, அந்தப் பேச்சில் இருக்கும் நியாயம் உறுதியானது. நீருக்குள் மயங்குபவருக்குத் தான் மயங்கப்போவது தெரியாது. மேலே இருந்து விநாடிகளை மனத்துக்குள் எண்ணுபவருக்குத்தான் தெரியும்.

மூச்சுக்கு அடுத்து காதுதான் குளிகாரரைச் சோதிப்பது. பத்து மீட்டர் இறங்கினால் உடல் மீதுள்ள அழுத்தம் இரட்டிப்பாகிறது. செவிப்பறையை நீர் உள்நோக்கித் தள்ளும். மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, மெல்ல உள்ளுக்குள் ஊதினால் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் திறந்து காற்று புகும், வலி நீங்கும். தமிழ்க் குளிகாரர்கள் இறங்கும்போது ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வதை அயல்நாட்டுப் பார்வையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நீர் ஏறாமல் தடுப்பதோடு, காதை ஊதிச் சமன்செய்யவும் அந்தப் பிடியே உதவுகிறது. இதே கடலுக்கு வந்து குளித்த அரேபியர்கள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டு கைகளும் ஓய்வாக இருந்தன. கல்லோடு வேகமாக இறங்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் காதை ஊதிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்ததும் திறக்காது. பருவத்தின் தொடக்க நாட்களில் மூக்கிலும் காதிலும் இரத்தம் வருவது பழைய குறிப்புகளில் அடிக்கடி காணக்கூடியது. சளி பிடித்த நாளில் இறங்காமல் கரையில் இருப்பதே அறிவு.

அடியில் இறங்கிய பிறகு நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு ஜப்பானிய அமா பெண்களிடம் எடுத்த அளவுகள் நல்ல சான்று. சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் ஆகிய இருவரும் 1960களில் கொரிய, ஜப்பானியக் குளிப்புப் பெண்களை ஆராய்ந்தார்கள். ‘கச்சிடோ’ என்ற வகையினர் துணையின்றித் தாமே நீந்தி ஐந்தாறு மீட்டர் இறங்குபவர்கள். ஒரு முழுக்கு அரை நிமிடம், அதில் அடியில் வேலை செய்வது 15 விநாடி. ‘புனடோ’ என்ற வகையினர் எடையைப் பிடித்துக்கொண்டு 20 மீட்டர் வரை இறங்கி, படகில் இருக்கும் கணவர் கயிற்றால் இழுக்க மேலே வருபவர்கள். முழுக்கு ஒரு நிமிடம், அடியில் 30 விநாடி. முதல் வகையினர் மணிக்கு 60 முறை இறங்க, இரண்டாம் வகையினர் 30 முறைதான் இறங்க முடிகிறது. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் வேலை நேரம் ஒன்றுதான், 15 நிமிடம். கடலால் பிரிந்திருக்கும் இரண்டு நாடுகளில் கல்லும் கயிறும் சேர்ந்து ஒரே நிமிடக் கணக்குக்கு வந்து நிற்பது தற்செயலானதல்ல. மனித உடல் எங்கும் ஒரே வரவுசெலவைத்தான் அனுமதிக்கிறது.

அந்த வரவுசெலவு இப்படி: ஆழமாக மூச்சு இழுத்த ஒருவரின் நுரையீரலிலும் இரத்தத்திலும் தசையிலுமாக மொத்தம் இரண்டு லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கும். அசையாமல் கிடக்கும் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டரைச் செலவழிக்கிறது. கடைசிச் சொட்டு வரை பயன்படுத்த முடிந்தால் எட்டு நிமிடம் வரும். ஆனால் இருப்பு தீர்வதற்கு வெகு முன்பே மூளை அணைந்துவிடும். நீந்தும் உடல் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு செலவழிக்கும். பயிற்சியில்லாத ஒருவர் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மூச்சை விட்டுவிடுவார். ஆனால் அவரை விடவைப்பது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல. இதைத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் மையம். தெரியாதவர்களே அதிகம் செத்திருக்கிறார்கள்.

மூச்சு முட்டும் உணர்வைக் கிளப்புவது கரியமில வாயு. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் இயல்பாக 40 மில்லிமீட்டர் பாதரசம். 50ஐ நெருங்கும்போது மூச்சுவிடு என்ற கட்டளை பொறுக்க முடியாததாகிறது. முதலில் தொண்டை இறுகும், பிறகு நெஞ்சில் ஒரு பாரம். அதற்கப்பால் உதரவிதானம் தானாகவே வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கும். வெளியே காற்றுப் போகாமல் வயிறு மட்டும் துள்ளுவதை அருகில் இருப்பவர் கண்ணால் பார்க்கலாம். புதிதாகக் குளிக்க வருபவர் முதல் இறுக்கத்திலேயே பதறி மேலே பாய்வார். பழகியவருக்கு அது ஒரு குறி: இன்னும் இருப்பு இருக்கிறது, கைவேலையை முடித்துக்கொள் என்று சொல்லும் குறி. வயிறு வெட்டத் தொடங்கியதும் கயிற்றைச் சுண்டுவார். இந்த வேறுபாடு பெரும்பாலும் மனப்பழக்கத்தால் வருவது. பல ஆண்டுகள் குளித்தவர்களின் உடலில் கரியமில வாயுவைப் பொறுக்கும் தன்மையும் கூடுகிறது.

முகம் நீரில் படும்போது இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. முகத்து நரம்பு வழியே செய்தி போய் இதயத் துடிப்பு குறையும். கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படும். சீல் முதலிய கடல் விலங்குகளில் இதை ஆராய்ந்த பெர் ஷோலண்டர், டாரஸ் நீரிணையின் முத்துக்குளிப்போரிடமும் இதையே கண்டு 1962இல் வெளியிட்டார். நீருக்கடியில் வேலை செய்த தசைகளில் தேங்கிய லாக்டிக் அமிலம் அவர்கள் மேலே வந்த பிறகே இரத்தத்தில் பெருகியது. உள்ளே இருக்கும்வரை அந்தத் தசைகள் இரத்த ஓட்டத்திலிருந்து ஏறக்குறைய துண்டிக்கப்பட்டிருந்தன என்பதற்கு அது சான்று. குளிர்ந்த நீரில் இந்த மாற்றம் வலுவாக நடக்கும். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் அந்த உதவி சற்றுக் குறைவு.

மண்ணீரலும் இதில் பங்கெடுக்கிறது. மூச்சடக்கும்போது அது சுருங்கி, சேர்த்துவைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. கொரியக் குளிப்புப் பெண்களிடம் நடத்தி 1990இல் வெளியான ஆய்வு, தொடர்ந்து முழுகும்போது மண்ணீரல் ஐந்தில் ஒரு பங்கு சிறுத்ததைக் காட்டியது. குளிகாரர்கள் முதல் சில முழுக்குகளைச் சிறிதாக எடுப்பதும், ‘உடம்பு பிடித்த’ பிறகு நேரம் தானாக நீள்வதும் எல்லாக் கடற்கரையிலும் தெரிந்த அனுபவம். அதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளித்து வாழ்பவர்கள். அவர்களது மண்ணீரல் அண்டை நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ பாதி மடங்கு பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அவர்களில் குளிக்கப் போகாதவர்களுக்கும் அப்படியே இருந்ததால், இது பயிற்சியில் வந்ததல்ல, மரபில் வந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். மற்ற எவருக்கும் பழக்கமே துணை.

பழக்கம் என்பதில் பாதி பதறாமல் இருப்பது. அச்சம் இதயத்தை விரட்டும். விரட்டப்பட்ட இதயம் ஆக்சிஜனை இறைக்கும். மன்னார் வளைகுடாக் குளிப்பில் ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போவதாக எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. அவர் கரையில் இல்லாவிட்டால் குளிகாரர்கள் இறங்க மறுத்தார்கள். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நம்பிக்கையோடு இறங்கியவரின் நெஞ்சு அடங்கித் துடித்தது. அடங்கித் துடித்த நெஞ்சு அதிக நேரம் தாங்கியது. அரசு கொடுத்த கூலி வீண்போனதாகச் சொல்ல முடியாது.

குளிப்புக்கு ஏற்ற காலமும் மூச்சோடு தொடர்புடையது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முந்தைய மாசி, பங்குனி மாதங்களில் கடல் படுத்திருக்கும், நீர் தெளிந்திருக்கும். கலங்கிய நீரில் தடவித் தேடுவதும் நீவாடு என்னும் நீரோட்டத்தை எதிர்த்துக் கையைக் காலை அடிப்பதும் ஒரே மூச்சைப் பாதியாக்கிவிடும். படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துப் போய், விடிந்ததும் குளிப்பைத் தொடங்கி, உச்சிவேளையில் கடற்காற்று எழும்போது திரும்பின. காலையில் கனமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்கும் வழக்கம் எங்கும் இல்லை. நிறைந்த வயிறு உதரவிதானத்தைக் கீழே இறங்கவிடாது. செரிமானத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

1905இல் இலங்கைப் பக்கத்துப் பார்களில் மாறிச்சுக்கட்டியை மையமாக வைத்து நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் ஒரே பருவத்தில் எடுக்கப்பட்டன. எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கு, மீதி அரசுக்கு. அவ்வளவும் ஒவ்வொரு நிமிட மூச்சாகச் சேர்ந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்குப் பிறகு பார்கள் குளிப்புக்குத் தேறவில்லை; சங்கு மட்டும் தொடர்ந்தது.

இன்றும் இந்தக் கடலில் வெறும் மூச்சை நம்பித் தொழில் செய்பவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் தீவிலும் ராமநாதபுரம் மாவட்டத்தின் மற்றக் கரையோர ஊர்களிலும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எனப் பிரித்தறிந்து பறிப்பவர்கள் இவர்கள். ஆழம் இரண்டு மூன்று பாகம்தான். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியோ ரப்பரோ சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தாங்களே செய்த தட்டுகளைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையுடன் இறங்குகிறார்கள். கல்லும் இல்லை, கயிறு பிடிக்க மச்சானும் இல்லை. ஒரு கையால் பாறையைப் பிடித்து உடலை நிறுத்திக்கொண்டு மறு கையால் பறிப்பதால் ஒவ்வொரு முழுக்கும் குறுகியது. எண்ணிக்கை மிக அதிகம். முத்துக்குளிப்பை வியந்து பேசுபவர்கள் இந்தப் பெண்களின் மூச்சைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறைகளாக இறங்கிய இடங்களிலேயே அவர்கள் தடைகளைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

மூச்சை நீட்டிக்க எளிதான வழி என்று பலரும் தாமாகக் கண்டுபிடிக்கும் ஒன்று உண்டு. இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்து விடுவது. அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வு வெகுநேரம் வராது. நேரம் உண்மையிலேயே நீளும். ஆனால் வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதில்லை, அது முன்பே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கரியமில வாயு. திருடன் வரும் இரவில் காவல்நாய்க்கு மயக்கமருந்து கொடுத்துவிட்டுத் தூங்குவது போன்ற செயல் இது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, வலியோ தவிப்போ இல்லாமல் நினைவு போய்விடும். நீச்சல் குளங்களில் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் ஆழமில்லாத நீரில் இறந்துபோனதற்குக் காரணம் இதுவே என்று ஆல்பர்ட் கிரேக் 1961இல் தெளிவாக விளக்கினார். கொரியப் பெண்கள் இறங்குமுன் சில விநாடிகள் மட்டுமே ஆழமாக மூச்சு விடுகிறார்கள். நுரையீரலையும் முழுக்க நிரப்புவதில்லை. பெயர் தெரியாத எத்தனையோ மரணங்களிலிருந்து அந்தக் கட்டுப்பாடு பிறந்திருக்க வேண்டும்.

ஆழம் இந்த ஆபத்தை மறைத்துவைக்கும். 20 மீட்டரில் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல் மூன்று மடங்கு. நுரையீரலில் மீந்திருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனையும் அந்த அழுத்தம் இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருப்பதால் குளிகாரர் தெளிவாகவே இருப்பார். அங்கே 60 மில்லிமீட்டராக இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் அவர் மேலே வரும்போது 20க்கு விழும். ஏறத்தாழ 30க்குக் கீழே நினைவு நிற்காது. அதனால்தான் மயக்கம் அடியில் வருவதில்லை. வெளிச்சம் தெரியும் கடைசிச் சில மீட்டர்களில், சில நேரம் தலை வெளியே வந்து முதல் மூச்சு இழுத்த பிறகும்கூட வருகிறது. மேலே வந்தவரை அரை நிமிடமாவது கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது இதனால் வந்த விதி. மயங்கியவரின் தொண்டை முதலில் இறுக மூடிக்கொள்வதால் நீர் உடனே நுரையீரலுக்குள் போவதில்லை. முகத்தை நீருக்கு மேலே தூக்கி, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலோர் சில விநாடிகளில் மூச்சு விடுவார்கள். விடாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் இது சிறு சம்பவம், இல்லாவிட்டால் மரணம். தனியாக முழுகக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

ஓய்வைக் குறைப்பதால் வரும் கேடு வேறு. பசிபிக்கில் துவாமொது தீவுகளின் முத்துச் சிப்பிக் குளிகாரர்கள் 30, 40 மீட்டர் ஆழத்துக்குச் சில நிமிட இடைவெளியில் நாள் முழுவதும் இறங்கினார்கள். தலைசுற்றல், வாந்தி, கைகால் விளங்காமை, சிலருக்குச் சாவு என்று அவர்களைத் தாக்கிய நோயை அவர்கள் ‘தாராவானா’ என்றார்கள். இ. ஆர். கிராஸ் 1960களில் இதைப் பதிவு செய்தார். அருகே மங்கரேவாவில் அதே ஆழத்துக்கு இறங்கியவர்கள் முழுக்குகளுக்கிடையே 12 நிமிடத்துக்குக் குறையாமல் ஓய்ந்தார்கள். அவர்களிடம் அந்த நோய் இல்லை. ஒவ்வொரு முழுக்கிலும் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்காமல் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் எட்டு, பத்து பாக ஆழத்திலும் ஒரு கல்லுக்கு இருவர் என்ற முறையிலும் அந்தக் கேடு எட்டிப் பார்க்கவில்லை. இப்போது விளையாட்டாகக் குளிப்பவர்கள், உள்ளே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வெடுக்க வேண்டும் என்ற அளவைக் கடைப்பிடிக்கிறார்கள்.

விளையாட்டு வீரர்களின் எண்கள் தொழிலின் எண்களோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. பிரான்சின் ஸ்தெஃபான் மிஃப்சுட் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். ரஷ்யாவின் நடாலியா மொல்ச்சனோவா 2013இல் 9 நிமிடம் 2 விநாடி. இருவரும் குளத்தில் முகத்தை நீருக்குள் வைத்து அசையாமல் மிதந்தவர்கள். ஒரே ஒரு மூச்சுக்காக நாள் முழுவதும் தங்களைத் தயார்செய்துகொண்டவர்கள். தூய ஆக்சிஜனை முன்கூட்டியே சுவாசித்துவிட்டு அடக்கும் வகையில் குரோவேஷியாவின் புடிமிர் ஷோபட் 2021இல் 24 நிமிடம் 37 விநாடியும், அதே நாட்டு விட்டோமிர் மாரிச்சிச் 2025இல் 29 நிமிடம் 3 விநாடியும் இருந்தார்கள். உடலின் இருப்பைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டு செய்வது அது. ஆழத்தில், ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் எடையோடு இறங்கி 2007இல் 214 மீட்டரைத் தொட்டார். 2012இல் அதையும் தாண்டி இறங்கியபோது நைட்ரஜன் நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். மொல்ச்சனோவா 2015இல் ஸ்பெயினின் ஃபோர்மென்தேரா தீவருகே முழுகியவர் திரும்பவில்லை. அது போட்டியல்ல, சாதாரண நாள் ஒன்றின் முழுக்கு. இத்தகைய திறமையாளருக்கே அப்படி என்றால், வீட்டுக் கிணற்றிலும் கோயில் குளத்திலும் பந்தயம் கட்டி மூச்சடக்கும் பிள்ளைகளைப் பெரியவர்கள் தடுப்பதில் மிகை ஒன்றும் இல்லை.

இப்போது சங்குக்குப் போகும் படகுகளில் கல்லுக்குப் பதில் கம்ப்ரசர் வந்துவிட்டது. படகிலிருந்து நீளும் ரப்பர் குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் தரையில் இருக்கலாம். மூச்சடக்கிக் குளித்த பரம்பரையில் வந்தவர்களுக்கு இங்கே ஒரு தலைகீழ் விதி. மேலிருந்து எடுத்துச் சென்ற மூச்சு அடியில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். அதை அடக்கிக்கொண்டே ஏறலாம். அடியில் குழாய் வழியே இழுத்த காற்றோ ஏற்கெனவே அழுத்தப்பட்டது. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால் மேலே வரும்போது இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழிவதற்கு ஒன்றரை மீட்டர் உயரம்கூடப் போதும். குழாய் மடங்கியோ என்ஜின் நின்றோ காற்று தடைப்படும்போது, சிறுவயதில் பழகிய உடல் மூச்சைக் கட்டவே செய்யும். அந்த இடத்தில் அதை விட்டுக்கொண்டே ஏறுவதற்குத் தனியே பழக வேண்டும். வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டரைத் தாண்டக் கூடாது. நீண்ட நேரம் அடியில் இருந்துவிட்டு ஏறுபவருக்கு மூட்டு வலியும் கால் மரத்துப்போவதும் தெரிந்தால் அது களைப்பல்ல, நைட்ரஜன் குமிழிகளின் வேலை. காற்றை உறிஞ்சும் வாய் என்ஜின் புகைக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் குழாயில் இறங்கும். மரத்துப்போன காலை எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டு வீட்டில் கிடப்பவருக்கு அந்தக் கால் திரும்பாமல் போகலாம். உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தாமதமில்லாமல் கொண்டுபோனால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும்.